உயிரோடு இருந்தவருக்குப் பாடிய பூசை

என் கூடப்பிறந்த அண்ணன் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த நாளில், அவர் செத்துப்போனார் என்று பொய் சொல்லி, அவருக்கு மரித்தோர் பூசை பாட வைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் எனக்கு வாய் வராது. கோயிலில் என் பக்கத்தில் முழங்காலில் நிற்கிற நீங்கள் எல்லாரும் என்னை நல்ல பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சருவேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை உங்களிடம் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், என் பெயர் அன்னம்மா. கற்பிட்டிக்குத் தெற்கே, ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் களப்பு என்கிற உப்பேரியுமாக இருக்கிற மணல் நிலத்தில் எங்கள் ஊர். ஊரே கடல் தொழில்தான். என் புருஷன் சூசையும் என் அண்ணன் மனுவலும் ஒரே வள்ளத்தில் போய்வந்தார்கள். தன் கூட்டாளியைத் தங்கைக்குக் கட்டிவைத்ததே அண்ணன்தான். சின்ன வயதிலேயே தாயைச் சாகக் கொடுத்தோம். நான் அவருக்கு, அவர் எனக்கு. அப்படி ஒட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

உலக யுத்தம் தொடங்கி மூன்றாம் வருடம், வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்றில் கடல் மாறுகிற நேரம். அரிசி கூப்பனுக்கு வந்த காலம். இன்னும் ஒரே ஒரு தடவை போய்விட்டு வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடலாம் என்று இரண்டு பேரும் போனார்கள். அன்று பின்னேரமே காற்று எழும்பியது. அடுத்த நாள் மத்தியானம் உச்சமுனைப் பக்கத்து ஆட்கள் அண்ணனை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார்கள். உதடு வெடித்து, ஒரு உள்ளங்கையில் தோல் முழுக்க உரிந்திருந்தது. என் வாசலில் வந்து நின்று, “சூசை போயிட்டான், தங்கச்சி” என்றார்.

நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் நிலத்தைத்தான் பார்த்தார். வள்ளம் கவிழ்ந்தது, இருட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று ஊராருக்குச் சொன்னார். எனக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லாத மனிதன் தங்கைக்குப் பதில் சொல்லமாட்டானா? அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிப்போனது. இந்த மனிதன் என் புருஷனைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் நினைத்தது பிழை என்று நீங்கள் இப்போது எதிர்பார்ப்பீர்கள். பிழையில்லை. நான் நினைத்தது சரி.

சூசையின் உடல் கரைக்கு வரவேயில்லை. அழுவதற்கு ஒரு முகம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் அழுகை எல்லாம் ஆத்திரமாக மாறியது. அண்ணன் எங்கள் வீட்டுக்கு மீன் அனுப்புவார். அதை நாய்க்குப் போடுவேன். சும்மா போடவில்லை. அவருடைய பெண்சாதி பிலோமினா மச்சாள் கிணற்றடிக்கு வருகிற நேரம் பார்த்து, அவள் கண் காணப் போடுவேன். கோயிலில் அவர் முன்வாசலால் வந்தால் நான் பக்கவாசலால் போவேன். என் மகள் மரியாளுக்கு அப்போது பதினேழு வயது. மாமாவுக்குச் செல்லமாக வளர்ந்தவள். மாமாவும் அப்பாவை நினைத்து அழுகிறார்தானே என்று ஒருநாள் சொன்னாள். அவள் வாயிலேயே ஒன்று போட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதை எடுக்கவில்லை.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் இரண்டு இப்படிப் போனது. இரண்டு தரமும் பாவசங்கீர்த்தனம் செய்தேன், நற்கருணை நன்மை வாங்கினேன். பொய் சொன்னது, கோள் சொன்னது, வெள்ளிக்கிழமை மறந்துபோய்க் கோழிக்கறி தின்றது எல்லாவற்றையும் சாமியிடம் சொன்னேன். அண்ணனை வெறுக்கிறதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, கேளுங்கள். அது பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அது நியாயம் என்று நினைத்தேன். வெறுப்பு நியாயத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் அதை அடையாளம் காண்பது மகா கஷ்டம்.

ஒருநாள் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தோம். பத்துப் பெண்கள் சேர்ந்து இருந்தால் கதைக்கா பஞ்சம்? உயிரோடு இருக்கிற ஆளுக்கு மரித்தோர் பூசை பாடினால் அந்த ஆள் நாற்பது நாள் தாண்டாது என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு தொண்டையில் முள் நின்றது போல எனக்குள் நின்றுவிட்டது.

நாங்கள் வேதக்காரர். கட்டாடியிடம் போய்ச் சூனியம் வைப்பது சாவான பாவம் என்று சின்ன வயதிலேயே படித்தவர்கள். அதனால் நான் கட்டாடியிடம் போகவில்லை, பீடத்துக்குப் போனேன். பூசை பாட வைப்பது எப்படிப் பாவமாகும் என்று என் மூளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் கோயிலில் கேட்டால் அகப்பட்டுவிடுவேன். கருவாடு கொடுக்கப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, சிலாபம் போகிற பக்கமாக ஒரு நாள் முழுக்க வண்டியில் போய், என்னைத் தெரியாத ஒரு பங்குக் கோயிலில் இறங்கினேன்.

அங்கே இருந்தவர் தாடி நரைத்த வெள்ளைக்காரச் சாமி. தமிழைத் தட்டித் தட்டித்தான் கதைப்பார். என் அண்ணன் மனுவல் கடலில் போய்விட்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை, ஒரு பூசை பாட வேண்டும் சாமி என்று காலில் விழுந்தேன். எப்போது, எப்படி என்று கேட்டார். என் புருஷன் போன கதையை அப்படியே சொன்னேன். அழுதேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அந்த மனிதர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அன்று இரவு தங்குவதற்கு ஒரு வீடும் பார்த்துத் தந்தார்.

விடிந்து பூசை நடந்தது. சாமி கறுப்பு உடுப்பில் வந்தார். உடல் இல்லாதபடியால் நடுக்கோயிலில் ஒரு வெறும் பெட்டியை வைத்து, கறுப்புச் சீலை போர்த்தி, சுற்றிவர மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். லத்தீனில் பாடின பாட்டுக்கு நடுவே அண்ணனுடைய பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. சாமி பெட்டியைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்தார். என்னைத் தெரியாத அந்த ஊர்ச் சனம் எனக்காக அழுதது. நானோ வீட்டுக்கு வந்து நன்றாக நித்திரை கொண்டேன்.

அதற்கு எட்டாம் நாள், கரையில் வலையிலிருந்து மீனைக் கழித்துக்கொண்டிருந்த அண்ணனைத் திருக்கை வாலால் அடித்தது. கெண்டைக்காலில் முள் ஏறியது.

செய்தி வந்தபோது எனக்கு என்ன இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். சந்தோஷம் இருந்தது. அன்று பகல் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். மரியாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பரியாரி வந்து முள்ளைப் பிடுங்கி, பச்சிலை அரைத்துக் கட்டினார். திருக்கை அடிப்பது எங்கள் கரையில் புதினமில்லை, இரண்டு நாளில் ஆறும் என்றார்கள். ஆறவில்லை. ஐந்தாம் நாள் கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்தது. காய்ச்சல் இறங்கவேயில்லை. ஆறாம் நாள் காலையில் பிலோமினா மச்சாள் என் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வர அவளுக்குப் பயம்.

“சாமியைக் கூப்பிடவா எண்டு கேட்டேன். சாமி பிறகு வரட்டும், தங்கச்சியைக் கூப்பிடு எண்டு சொல்றார்” என்றாள்.

சொன்ன கையோடு அவள் போய்விட்டாள். நான் அடுப்படியில் போய் இருந்தேன். அப்போதுதான் பயம் வந்தது. பூசை முடிந்து பதினான்கு நாள். இந்த மனிதன் செத்தால் திருக்கை கொன்றது என்று ஊர் சொல்லும். நான் கொன்றேன் என்று எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். அந்தப் பூசையில் சக்தி இருந்ததா இல்லையா என்று இப்போது கேட்டால், இல்லை என்று சொல்வேன். சேசுநாதரின் பலி யாரையும் கொல்லாது. ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், கொல்ல வேண்டும் என்றுதானே போனேன்.

முழங்காலில் நின்றேன். அண்ணனைக் காப்பாற்றும் என்று சொல்லப் பார்த்தேன். அண்ணன் என்கிற சொல் வாயில் வரவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: ஆண்டவரே, எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. பிடிக்கிறது என்று உமக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் சாகவிடாதேயும். நான் பாட வைத்த பூசையைக் கேட்காதேயும். இரண்டு வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மையான செபம் அதுதான்.

எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் கிடந்தவரை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. அவ்வளவுக்கு உருக்குலைந்திருந்தார். காலின் மணம் வாசல் வரை வந்தது. புத்தளம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். ஊர் ஆண்கள் எல்லாரும் கடலில். அன்று கருவாடு வாங்க வந்த கற்பிட்டி முஸ்லிம் வியாபாரி காசிம் நானாவின் தோணி களப்புக் கரையில் நின்றது. அவரிடம் ஓடினேன். வாங்கின கருவாட்டைக் கரையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, பாய்மரத்தை நிமிர்த்தினார். மச்சாளுக்குக் கைக்குழந்தை. மரியாளை அவளுக்குத் துணையாக விட்டுவிட்டு நான் அண்ணனோடு ஏறினேன்.

களப்பின் பாதிக்கு வரும் முன்பே காற்று செத்துப்போனது. பாய் துணி மாதிரித் தொங்கியது. காசிம் நானா நீண்ட கம்பை எடுத்து ஊன்றித் தள்ளத் தொடங்கினார். ஒரு முழம் இரண்டு முழமாகத் தோணி நகர்ந்தது. வெயில் தலையில் ஏறியது. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, காற்றைத் தாரும் ஆண்டவரே, காற்றைத் தாரும் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.

அப்போது அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“அண்டைக்கு நீ கேட்டாயே தங்கச்சி, எப்படி வந்தீங்க எண்டு. சொல்றேன் கேளு. ஒரு கை வள்ளத்தில, ஒரு கையில சூசை. கை வழுக்கிட்டுது எண்டு சொல்ல ஏலும். வழுக்கல்ல. நான்தான் விட்டேன். விட்டா நான் மிஞ்சுவேன் எண்டு தெரிஞ்சுதான் விட்டேன்.”

தோணியின் விளிம்பு தாழ்வு. அவர் அதன் ஓரமாகத்தான் கிடந்தார். இரண்டு கையாலும் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். என் கை அப்படி எழும்பியது உண்மை. காசிம் நானா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தள்ளாமல் இருந்தது என் நல்ல குணத்தால் என்று நினைக்காதீர்கள். என் குணம் உங்களுக்குத்தான் தெரியுமே. எழும்பின கையைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. இந்த மனிதன் இருட்டில், தண்ணீரில், மூச்சு முட்டுகிற நேரத்தில், பயத்தில் கையை விட்டார். நான் பயத்தில் செய்யவில்லை. யோசித்து, வண்டி பிடித்து, ஒரு நல்ல சாமியின் காலில் விழுந்து, இவரைச் சாகக் கொடுத்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று தராசு பிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்தத் தோணியில் குற்றவாளிகள் இரண்டு பேர் இருந்தோம்.

நான் செய்ததைச் சொன்னேன். எந்தப் பங்கு, எந்த நாள், எல்லாம் சொன்னேன்.

“பாட்டுப் பூசையா, வாசிச்ச பூசையா?” என்றார்.

“பாட்டுப் பூசை, அண்ணே.”

“நல்லாப் பாடினாங்களா?”

ஓம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காய்ச்சலிலும் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிப்போனது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணே என்று கூப்பிட்டதை நான் பிறகுதான் கவனித்தேன். நான் பொறுத்தேன், நீங்களும் என்னைப் பொறுக்க வேண்டும் என்று சொன்னேன். சொன்ன நேரத்தில் பொறுத்திருந்தேனா? இல்லை. வாயால் சொன்னேன், அவ்வளவுதான். மனது அதற்குப் பின்னால் வெகு மெதுவாக வந்தது. பொறுக்க மனது வரட்டும், பிறகு சொல்வோம் என்று காத்திருந்தால் இன்றைக்கும் காத்திருப்பேன்.

இனிக் காற்று வரும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் உள்ளதைச் சொல்லிவிட்டோம், ஆண்டவர் பாயை நிரப்பத்தானே வேண்டும்? வரவில்லை. ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. காசிம் நானா தோள் வீங்க வீங்கக் கம்பு ஊன்றி, பொழுது சாயும்போதுதான் புத்தளம் கரை சேர்த்தார். பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணனைத் தூக்கிவிட்டுத் திரும்பும்போது காசிம் நானா என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

“என்ட காதுல ஒண்டும் விழல்ல புள்ள. கேக்க வேண்டியவன் கேட்டிருப்பான்.”

ஆசுபத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியான அப்போதிக்கரி ஐயா காலைப் பார்த்துவிட்டு, நீங்கள் மத்தியானம் வந்திருந்தால் சிலாபத்துக்குத்தான் அனுப்பியிருப்பேன் என்றார். காலைக் கீற வேண்டும், அதற்குரிய டாக்டர் ஐயா இரண்டு நாளாக ஊரில் இல்லை, இப்போதுதான் வந்து இறங்கினார் என்றார். இன்னும் ஒரு நாள் ரோட்டில் குலுங்கிப்போக அண்ணனிடம் உயிர் இருக்கவில்லை. காலையிலிருந்து காற்றைக் கேட்டு அழுதவள் நான். காற்று வராததுதான் என் செபத்துக்கு வந்த பதில்.

டாக்டர் காலைக் கீறினார். பரியாரி பிடுங்கினது பாதி முள்தான். உடைந்த மற்றப் பாதி எலும்போடு கிடந்தது. அது சீழோடு வெளியே வந்தது. காலை எடுக்க வேண்டி வரலாம், உயிருக்கும் இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். மூன்று நாள் ஆசுபத்திரி விறாந்தையில் கிடந்தேன். காப்பாற்றும், காப்பாற்றும் என்பதைத் தவிர வேறு செபம் எனக்கு வரவில்லை. ஆனால் இந்தத் தரம் அண்ணன் என்று சொல்ல முடிந்தது. நாலாம் நாள் காலையில் அவர் தேத்தண்ணி கேட்டார். காலும் தப்பியது. நொண்டல் மட்டும் மிச்சம்.

அண்ணன் வீடு திரும்பின பிறகு அந்த வெள்ளைத் தாடிச் சாமியிடம் மறுபடி போனேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூடான தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. உன் புருஷனுக்கு எப்போது பூசை பாட வைத்தாய் என்று கேட்டார்.

என் புருஷன் போய் இரண்டரை வருடமாகிறது. சூசையின் ஆத்துமத்துக்கு நான் ஒரு பூசை கேட்கவில்லை. ஒரு மெழுகுதிரி ஏற்றவில்லை. அவருக்காகத்தான் அண்ணனை வெறுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், அவருக்காக ஒருநாள் உட்கார்ந்து ஒரு மந்திரம் சொல்லவில்லை. வெறுக்கவே எனக்கு நேரம் போதவில்லை. அந்தத் தொட்டியில் அழுதது போல நான் புருஷன் போன அன்றுகூட அழவில்லை.

தை மாதம் எங்கள் கோயிலில் சூசைக்குப் பூசை பாடினோம். அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் மரியாளைக் கூப்பிட்டு, தோணியில் எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னார். வேண்டாம் என்று நான் மன்றாடியிருந்தேன். அவர் கேட்கவில்லை. பிள்ளை என்னை நம்பிக் கதைக்கிறாள், அந்த நம்பிக்கையைக் களவாக வைத்திருக்க மாட்டேன் என்றார்.

என்னிடம் அவருக்காகப் பரிந்து பேசி அடி வாங்கின பிள்ளை அவள். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்க பொறுத்தீங்க எண்டா அது உங்கட காரியம் அம்மா என்கிறாள். செபமாலையில் பரமண்டல மந்திரம் வரும்போது, பிறரைப் பொறுக்கிறதைப் பற்றிச் சொல்லுகிற இடத்தில் அவள் குரல் நின்றுவிடும். பிறகு தொடரும். நான் ஒன்றும் சொல்வதில்லை. எந்த வாயால் சொல்வது? அந்த இடத்தில் எவ்வளவு இருட்டு என்று எனக்குத் தெரியும். பிள்ளையை அங்கே பார்க்கிறது நான் அங்கே இருந்ததைவிடக் கொடுமை.

நான் அண்ணனை இப்போது நேசிக்கிறேன். அவர் கிழிந்த வலை பொத்திக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். கடல் மாறுகிற மாதம் வந்தால் பழைய ஆத்திரம் எனக்குள் எழும்பத்தான் செய்கிறது. எழும்பினால் நேரே அவர் வீட்டுக்குப் போய், அவருக்கு முன்னால் கதிரையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். வேறு மருந்து எனக்குத் தெரியாது.

உங்களில் யாருக்காவது பெயர் சொல்லக்கூட வாய் வராத ஒரு ஆள் இருந்தால், அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கோபிக்கமாட்டார். என்னிடம் கோபிக்கவில்லை. அந்த ஆளின் உயிரை மட்டும் கேளுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு எந்த நாளும் தோத்திரம். இன்றைக்கு வீட்டுக்குப் போய் முழங்காலில் நிற்கும்போது என் மகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இன்னும் மனது வரவில்லை. என் கை எழும்பின நேரத்திலும் என்னை விடாமல் பிடித்திருந்தவர், அவளையும் விடமாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.